கழுவிய காரில் கீறல் எங்கிருந்து வருகிறது?

மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட் பட்டணத்தில் இரவு எட்டு மணிக்கு மேல், பெட்ரோல் நிலையத்து வெள்ளை விளக்கின் கீழ் நிற்கும் கறுப்புக் கார் ஒன்றின் பானெட்டைச் சற்றுக் குனிந்து பார்த்தால், விளக்கின் பிம்பத்தைச் சுற்றிச் சிலந்தி வலை பின்னியதைப் போல நூற்றுக்கணக்கான மெல்லிய கோடுகள் வட்டமிட்டு நிற்பது தெரியும். மாதத்துக்கு ஒரு முறை கழுவப்படும் காரைவிட, வாரந்தோறும் ஞாயிற்றுக்கிழமை காலையில் பொறுப்பாகக் கழுவித் துடைக்கப்படும் காரில்தான் இக்கோடுகள் பெரும்பாலும் மிகுந்திருக்கின்றன. அக்கறை கூடக் கூடக் கீறலும் கூடுவது ஏன் என்பதை விளங்கிக்கொண்டால், கழுவுவதிலும் உலர்த்துவதிலும் எதை மாற்ற வேண்டும் என்பது தானாகவே புலப்பட்டுவிடும். குறிப்பாக உலர்த்துவதில்தான் பெரும்பிழை நடக்கிறது என்பதால், இக்கட்டுரை அதையே மையமாகக் கொள்கிறது.

காரின் உடலில் நாம் தொடுவது சாயத்தை அன்று. இரும்புத் தகட்டின் மேல் துருத் தடுப்புப் பூச்சு, அதன் மேல் அடிப்பூச்சு, அதன் மேல் நிறம், எல்லாவற்றுக்கும் மேலாகக் கிளியர் கோட் எனப்படும் நிறமற்ற பூச்சு என்று அடுக்கடுக்காக அமைந்த இந்தப் போர்வை முழுவதும் சேர்ந்தே ஏறத்தாழ 100 முதல் 150 மைக்ரான் தடிமன்தான் இருக்கும். ஒரு மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. பளபளப்பைத் தருவதும், வெயிலின் புற ஊதாக் கதிரிலிருந்து நிறத்தைக் காப்பதும் அந்த மேலடுக்கான கிளியர் கோட்தான். அதன் தடிமன் பெரும்பாலும் 35 முதல் 50 மைக்ரான், அதாவது ஒரு தலைமுடியைவிட மெல்லியது. கீறல் விழுந்தால் பாலிஷ் போட்டு எடுத்துவிடலாம் என்று பலர் சொல்கிறார்கள். எடுக்கலாம், ஆனால் பாலிஷ் கீறலை நிரப்புவதில்லை, கீறலின் ஆழத்துக்குச் சுற்றியுள்ள பரப்பையே தேய்த்து இறக்குகிறது. ஒவ்வொரு முறையும் ஓரிரு மைக்ரான்கள் போய்விடும். எனவே ஒரு கார் தன் ஆயுளில் தாங்கக்கூடிய பாலிஷ்களுக்கு ஓர் எல்லை உண்டு. தேய்ந்த கிளியர் கோட் பின்னர் வெயிலில் வெளுத்து உரியத் தொடங்கினால், அதற்குப் புதிய பூச்சு அடிப்பதைத் தவிர வழியில்லை.

அந்த வட்டக் கோடுகளைப் பார்த்து, வட்டமாகத் துடைத்ததால்தான் அவை வட்டமாக இருக்கின்றன என்று எண்ணுவது இயல்பு. உண்மையில் கீறல்கள் எல்லாத் திசைகளிலும் குறுக்கும் நெடுக்குமாகவே கிடக்கின்றன. ஒளி வரும் திசைக்குச் செங்குத்தாக அமைந்த கீறல் மட்டுமே அந்த ஒளியை நம் கண்ணுக்குத் திருப்பி அனுப்புகிறது. மற்றவை மறைந்து நிற்கின்றன. அதனால் விளக்கைச் சுற்றி வளையம் போல அமைந்தவை மட்டும் மின்னுகின்றன. நீங்கள் ஓரடி நகர்ந்தால் வலையும் உங்களோடு நகர்வதைக் காணலாம். ‘நேர்க்கோட்டில் துடைத்தால் கீறாது’ என்ற அறிவுரையின் உண்மையும் எல்லையும் இதிலிருந்து தெரியும்: நேர்க்கோட்டில் துடைத்தாலும் கீறல் விழத்தான் செய்யும், ஆனால் எல்லாக் கோடுகளும் ஒரே திசையில் இருப்பதால் சில கோணங்களிலிருந்து மட்டுமே அவை கண்ணில் படும். நல்ல பழக்கம்தான், ஆனால் அது மட்டுமே காப்பாற்றிவிடாது.

துணியா கீறுகிறது? சுத்தமான பருத்தித் துணியும் சுத்தமான காரும் சந்தித்தால் பெரிய சேதம் எதுவும் நேர்வதில்லை. இரண்டுக்கும் நடுவில் சிக்கிக்கொள்ளும் மணல் துகள்தான் கீறுகிறது. துணி அதை அழுத்திப் பிடித்து இழுத்துச் செல்லும் கையாக மட்டும் இருக்கிறது. இங்கே நம் ஊரின் மண்ணைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தோட்டத்துக்குள் செல்லும் செம்மண் சடக்கில் (சாலையில்) செம்பனைக் குலை ஏற்றிய லாரி ஒன்று முன்னால் போனால், பின்னால் வரும் கார் முழுவதும் சிவந்துவிடும். அந்தச் செந்தூளில் ஒரு பகுதி மாவு போன்ற களிமண். அது மென்மையானது, தண்ணீர் பட்டால் கரைந்து ஓடிவிடும். மீதியில் இரும்பு ஆக்சைடுத் துகள்களும் குவார்ட்ஸ் மணலும் கலந்திருக்கின்றன. கனிமங்களின் கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் குவார்ட்ஸின் இடம் 7. சாதாரணக் கண்ணாடியே 5.5க்கு அருகில்தான் நிற்கிறது. கிளியர் கோட்டோ ஒரு வகை பிளாஸ்டிக். அதன் கடினத்தைத் தொழிற்சாலையில் பென்சில் முனையால் கீறிப் பார்த்தே சோதிக்கிறார்கள் என்றால், குவார்ட்ஸ் துகளுக்கு முன் அது எம்மாத்திரம் என்று எண்ணிப் பார்க்கலாம்.

மண்ணோடு கரியும் உண்டு. செம்பனை எண்ணெய் ஆலைகளில் கொதிகலனுக்கு எரிபொருளாவது பழத்தின் நாரும் கொட்டை ஓடும்தான். அதன் சாம்பலில் சிலிக்கா மிகுதி. அதனால்தான் கான்கிரீட்டில் சிமெண்டுக்கு மாற்றாகக்கூட அந்தச் சாம்பலைக் கலந்து பார்க்கிறார்கள். ஆலைக்கு அருகிலுள்ள குடியிருப்புகளில் காலையில் கார்க் கண்ணாடியின் மேல் படிந்திருக்கும் கறுந்தூளை விரலால் தேய்த்தால் நறநறவென்று இருக்கும். அந்த நறநறப்பே பானெட்டில் கோடாக மாறுகிறது.

கழுவும்போதும் இதே துகள்கள் இருக்கின்றன. ஆனால் உலர்த்தும் கட்டம் அதைவிட ஆபத்தானது. சோப்பு நீர் வழுவழுப்பைத் தருகிறது. துகளைத் தூக்கி மிதக்கவிடுகிறது. தண்ணீரும் தொடர்ந்து ஓடிக்கொண்டே இருக்கிறது. உலர்த்தும் நேரத்தில் சோப்பு போய்விட்டது, தண்ணீரும் மெல்லிய படலமாகக் குறைந்துவிட்டது, துணி அந்தப் படலத்தையும் உறிஞ்சிக்கொண்டே நகர்கிறது. அதாவது வழுவழுப்பு முற்றாகத் தீரும் இடத்தில்தான் நாம் அழுத்தத்தைக் கூட்டுகிறோம். போதாக்குறைக்கு, சரியாகக் கழுவப்படாத கதவின் அடிப்பகுதியைத் துடைத்த அதே துணியை மடித்துப் பானெட்டுக்குக் கொண்டு வருகிறோம்.

என் தந்தையார் தம் வெள்ளை நிறப் புரோட்டோன் சாகாவைப் பழைய கைலித் துணியால்தான் துடைப்பார். தோட்டத்து லயத்தின் முன்னால், பெரட்டு எனப்படும் காலை ஆள்கணக்கு இல்லாத நாளில், ஒரு வாளித் தண்ணீரும் அந்தக் கைலியுமாக அவர் வேலையைத் தொடங்கினால் அரை மணி நேரத்தில் வண்டி மின்னும். அந்தக் காரில் ஒரு கோடுகூடக் கண்டதாக எனக்கு நினைவில்லை. அதே முறையை நான் என் கறுப்பு மைவியில் பின்பற்றியபோது, ஓராண்டுக்குள் பானெட் முழுவதும் வலை விழுந்துவிட்டது. அப்பாவின் கையில் இல்லாத குறை என் கையில் இருக்கிறதோ என்று நெடுநாள் வருந்தினேன். பின்னர்தான் விளங்கியது: கைலி இரண்டு வண்டியையும் கீறியிருந்தது. வெள்ளை நிறம் ஒளியை எல்லாத் திசையிலும் சிதறடிப்பதால் கீறலின் மின்னல் அதற்குள் கரைந்துபோகிறது. கறுப்பு நிறம் மற்ற ஒளியை விழுங்கிவிட்டுக் கீறலை மட்டும் காட்டிக் கொடுக்கிறது. அப்பாவின் பிழையை வெள்ளை நிறம் மறைத்து வைத்திருந்தது, அவ்வளவுதான்.

கைலி, பழைய பனியன், சாமோய் எனப்படும் பதனிட்ட தோல், பிளாஸ்டிக் குழாயில் அடைத்து விற்கப்படும் செயற்கைச் சாமோய் ஆகிய அனைத்துக்கும் ஒரு பொதுக் குறை உண்டு. அவற்றின் பரப்பு தட்டையானது. துகள் ஒன்று அகப்பட்டால் அதற்கு ஒதுங்க இடமில்லை. துணிக்கும் பூச்சுக்கும் இடையிலேயே நின்று, துடைக்கும் தூரம் முழுவதும் உழுதுகொண்டே போகிறது. சாமோய் தண்ணீரை அருமையாக உறிஞ்சும், ஒரு சொட்டும் மிச்சம் வைக்காது. ஆனால் அது பூச்சோடு ஒட்டி நகர்வதால், உறிஞ்சும் திறனை மட்டும் பார்த்து அதைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. கண்ணாடிக்கு அதை வைத்துக்கொள்ளலாம்.

மைக்ரோஃபைபர் துண்டின் சிறப்பு அதன் மென்மையைவிட அதன் உயரத்தில் இருக்கிறது. பாலியஸ்டரும் பாலிஅமைடும் பெரும்பாலும் 80க்கு 20 அல்லது 70க்கு 30 என்ற அளவில் சேர்ந்த அந்த இழைகள், 9,000 மீட்டர் நீளம் இருந்தாலும் 1 கிராம் எடைகூட வராத அளவுக்கு நுண்ணியவை. ஒவ்வோர் இழையும் ஆரஞ்சுச் சுளைகளைப் போலப் பிளக்கப்பட்டிருக்கும். அந்தப் பிளவுகளுக்குள் தண்ணீர் ஏறிக்கொள்கிறது. உயரமாக நிற்கும் இழைக் காட்டுக்குள் துகளும் உள்வாங்கப்படுவதால், பூச்சின் மேல் அது நேராக அழுந்துவது குறைகிறது. உலர்த்துவதற்கென்று வாங்குபவர்கள் சதுர மீட்டருக்கு 500 கிராமுக்குக் குறையாத தடிமனும், ஏறத்தாழ 60க்கு 90 சென்டிமீட்டர் அளவும் உள்ளதாகப் பார்த்து வாங்கினால் ஒரு துண்டிலேயே சிறிய கார் முழுவதும் அடங்கிவிடும். ஓரத்தில் தைத்திருக்கும் துணிச் சீட்டை முதலில் வெட்டி எறியுங்கள். மெத்தென்ற துண்டில் கடினமான பகுதி அது ஒன்றுதான்.

ஆயினும் நான் வலியுறுத்த விரும்புவது துண்டைப் பற்றியதன்று. எவ்வளவு உயர்ந்த துண்டானாலும் அது காரைத் தொடும் தூரம் குறையக் குறையக் கீறலும் குறையும். பெரும்பகுதித் தண்ணீரைத் துணியின் உதவி இல்லாமலே வெளியேற்றிவிட முடியும் என்பதை நம்மில் பலர் முயன்று பார்ப்பதே இல்லை. கழுவி முடித்த பின் ரப்பர்க் குழாயின் முனையில் மாட்டியிருக்கும் தெளிப்பானைக் கழற்றிவிட்டு, வெறும் குழாயைக் கூரைக்கு அருகில் பிடித்து, தண்ணீரை வேகமின்றிச் சீராக ஒழுகவிட்டுப் பாருங்கள். தெளிப்பானிலிருந்து வரும் சிதறல் ஆயிரக்கணக்கான முத்துகளை விட்டுச் செல்லும். ஒரே தாரையாக ஒழுகும் தண்ணீரோ தன் பரப்பு இழுவிசையால் பக்கத்து முத்துகளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு ஒரு திரையைப் போலக் கீழே இறங்கிவிடும். கூரை, பின்கண்ணாடி, பூட், பிறகு முன்கண்ணாடி, பானெட், கடைசியாகப் பக்கக் கதவுகள் என்று மேலிருந்து கீழாக மெதுவாகக் கொண்டுவந்தால், மெழுகு பூசிய காரில் மிஞ்சுவது சிறிதளவு ஈரம்தான். மெழுகோ வேறு பாதுகாப்புப் பூச்சோ இல்லாத பழைய பூச்சில் இந்த முறை அவ்வளவு சுத்தமாக வேலை செய்யாது. தண்ணீர் பரவி ஒட்டிக்கொள்ளும். உலர்த்துவதை எளிதாக்கவே மூன்று மாதத்துக்கு ஒரு முறை மெழுகு பூசலாம் என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுதான். செராமிக் பூச்சு அடித்தவர்கள் இனிக் கீறலே விழாது என்று நம்பிவிடக் கூடாது. ஓரிரு மைக்ரான் தடிமனே உள்ள அந்தப் படலம் தண்ணீரை விரட்டும், குவார்ட்ஸை விரட்டாது.

மிஞ்சிய தண்ணீருக்குக் காற்று உதவும். பக்கக் கண்ணாடியின் கூடு, கதவின் கைப்பிடி, நம்பர் பட்டை, பின்விளக்கின் இடுக்கு, பெட்ரோல் மூடி ஆகிய இடங்களில் ஒளிந்திருந்து, துடைத்து முடித்த பின் ஒழுகி வரும் தண்ணீரை ஊதித் தள்ளச் சிறு புளோவர் போதுமானது. தோட்ட வேலைக்கு இலை ஊதும் இயந்திரம் வைத்திருப்பவர்கள் அதையும் பயன்படுத்தலாம். ஆனால் செம்மண் தரையில் நின்றுகொண்டு அதை இயக்கினால் கழுவியது அனைத்தும் வீண். சிமெண்டுத் தரையையும் முதலில் தண்ணீர் விட்டு நனைத்துக்கொள்ள வேண்டும். சிலர் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்தால் காய்ந்துவிடும் என்பார்கள். நெடுஞ்சாலைக்குத் தார்ச் சடக்கிலேயே போய்விட முடிந்தால் அதில் தவறில்லை. பிரேக் தட்டிலுள்ள ஈரமும் போகும். தோட்டத்துச் சடக்கில் ஈரக் காரை ஓட்டினால் தூசி ஒட்டிக் காய்ந்து, முன்பிருந்ததைவிட மோசமாகிவிடும்.

துண்டுக்கு வேலை இதற்குப் பிறகுதான். அதை விரித்துப் பானெட்டின் மேல் போர்வையைப் போலப் படரவிட்டு, உள்ளங்கையால் மெல்லத் தட்டி, தண்ணீர் ஏறும் வரை பொறுத்திருந்து தூக்கலாம். அல்லது இரு மூலைகளைப் பிடித்துத் துண்டின் சொந்த எடையிலேயே தன்பக்கம் இழுக்கலாம். விரல்களால் அழுத்தித் தேய்ப்பது கூடாது. ஏதேனும் ஓரிடத்தில் துண்டு இழுபட்டு நின்றால் அங்கே வழுவழுப்பு இல்லை என்று பொருள். நீர்கலந்த மெழுகுத் தெளிப்பு ஒன்றிரண்டு சொட்டுத் தெளித்துக்கொள்வது நல்லது. சக்கர வளைவுகளுக்குப் பக்கத்திலும் கதவின் கீழ்க்கால் பகுதியிலும் மண் எப்போதும் மிஞ்சியிருக்கும். அவற்றுக்குத் தனியாகப் பழைய துண்டு ஒன்றை வைத்துக்கொண்டு கடைசியில் துடைக்க வேண்டும். தரையில் விழுந்த துண்டை உதறிவிட்டு மீண்டும் பயன்படுத்துவதைப் போன்ற பெருந்தவறு வேறில்லை. அது அன்றைக்கு வேலை முடிந்த துண்டு.

பட்டணத்தில் நான் வழக்கமாகப் போய்வந்த ஒரு கார் கழுவும் கடையில், ஒரே வாளியில் நனைத்த ஒரே துண்டு, லாரியின் படிக்கட்டிலிருந்து என் காரின் கூரைக்கு ஏறியதைக் கண்ணால் கண்டேன். வேலை செய்த தம்பியைக் குறை சொல்ல மனம் வரவில்லை; வரிசையில் பத்து வண்டிகள் நின்றன, கையில் அவருக்கு இருந்ததோ இரண்டு துண்டுகள். இப்போது கடைக்குப் போனால் வாட்டர் ஜெட்டும் நுரையும் மட்டும் கேட்டுக்கொண்டு, ‘தொடைக்க வேணாம் தம்பி, நானே தொடைச்சுக்கிறேன்’ என்று சொல்லி என் துண்டை எடுத்துக்கொள்கிறேன். யாரும் தவறாக எண்ணியதில்லை.

நேரத்தைப் பற்றியும் தண்ணீரைப் பற்றியும் ஒரு சொல். நண்பகலில் கறுப்புத் தகட்டின் சூடு 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும். அதில் ஊற்றிய தண்ணீர் நாம் துண்டை எடுப்பதற்குள் ஆவியாகி, தன்னிலிருந்த உப்புகளை வெள்ளை வட்டங்களாக விட்டுச் செல்லும். கிந்தா பள்ளத்தாக்கு சுண்ணாம்புக் குன்றுகளின் நாடு. சிம்மோருக்கு அருகே கந்தான் குன்றின் அடியில் சிமெண்டு ஆலையே இருக்கிறது. சுண்ணாம்புப் பாறையைத் தொட்டு வரும் கிணற்று நீரில் கால்சியம் கரைந்திருக்கும். தித்திவங்சா மலைத்தொடரின் கருங்கல் மேல் ஓடிவரும் ஓடை நீரில் அது மிகவும் குறைவு. எனவே கிணற்று நீரால் கழுவுபவர்களுக்கு விரைந்து உலர்த்துவது கட்டாயமாகிறது. அவசரத்தில் அழுத்தமும் கூடுகிறது. காலை ஒன்பது மணிக்கு முன்போ மாலை வெயில் சாய்ந்த பிறகோ நிழலில் கழுவினால் இந்த ஊரின் ஈரக் காற்றே நமக்கு அவகாசம் தரும். காய்ந்துபோன வெள்ளை வட்டத்தை நகத்தால் சுரண்டாமல், குளிர்ந்த தகட்டில், நீர் கலந்த வெள்ளை வினிகரைத் துணியில் நனைத்துச் சற்று நேரம் வைத்து, பிறகு நன்றாகக் கழுவிவிடலாம்.

ஆயுத பூசையன்று பானெட்டில் இடும் சந்தனத்தையும் குங்குமத்தையும் திருநீற்றையும் இங்கே குறிப்பிடாமல் இருக்க முடியவில்லை. மறுநாள் காய்ந்து இறுகிய அந்தப் பொட்டை உலர்ந்த துணியால் தேய்த்து எடுப்பவர்களின் காரில், சரியாக அதே இடத்தில் மங்கலான திட்டு ஒன்று நிலைத்துவிடுகிறது. ஈரத்துணியை அதன் மேல் ஐந்து நிமிடம் போட்டு ஊறவிட்டால் அது தானே நெகிழ்ந்து வழிந்துவிடும். பூசைக்கு எந்தக் குறையும் வராது.

பிற்பகல் மழைக்குப் பிறகு, ‘தண்ணிதான் பட்டுடுச்சே’ என்று துணியெடுத்துத் துடைப்பதும் இதே வகைத் தவறு. மழை காரைக் கழுவுவதில்லை. காற்றிலிருந்த தூசியையும் முன்பே படிந்திருந்த மண்ணையும் சேறாக்கி மேலே பரப்பிவிட்டுப் போகிறது. குழாய்த் தண்ணீரை ஒரு முறை ஒழுகவிட முடிந்தால் விடலாம். இல்லையென்றால் அப்படியே காயவிடுவதே மேல். கோழி இறகுத் துடைப்பத்தால் தினமும் காலையில் தூசி தட்டும் பழக்கம் உள்ளவர்கள் அதை வீட்டு அலமாரிக்கு மட்டும் வைத்துக்கொள்வது நல்லது.

துண்டைத் துவைக்கும் முறையில் இரண்டே செய்திகள். துணி மிருதுவாக்கும் திரவம் இழைகளின் மேல் படலமாகப் படிந்து உறிஞ்சும் தன்மையைக் கெடுத்துவிடும். வீட்டுத் துணிகளோடு சேர்த்துப் போட்டால் பருத்திப் பஞ்சு இழைகளில் சிக்கிக்கொள்ளும். ஆகவே தனியாக, மிதமான நீரில், சிறிதளவு திரவச் சோப்பில் அலசி, சடக்கைப் பார்த்த கொடியில் போடாமல் வீட்டுக்குள் நிழலில் உலர்த்தி, மூடியுள்ள டப்பாவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இவற்றையெல்லாம் கடைப்பிடித்தால் பலன் உண்டா என்பதைக் கைப்பேசி விளக்கே காட்டிவிடும். இரவில் பானெட்டின் ஓர் ஓரத்தில், ஒரு சாண் பரப்பைத் தேர்ந்தெடுத்து, விளக்கை அருகில் பிடித்துப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஆறு மாதம் கழித்து அதே இடத்தை, அதே தூரத்தில் விளக்கைப் பிடித்து மீண்டும் எடுங்கள். பழைய கோடுகள் அப்படியேதான் இருக்கும், அவை மறையாது. புதியவை எத்தனை சேர்ந்திருக்கின்றன என்று இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.